ஆசிரியர் முகமும் மாணவர் மனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கல்லூரிப் படியேறாத ரயில்வே குமாஸ்தா ஒருவனுக்கு இப்பொருளில் பேச என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். ஆசிரியனாக இருந்து அறிந்தவற்றைச் சொல்ல என்னால் இயலாது. மாணவனாக இருந்து அறிந்தவற்றையும் நூல்களிற் படித்தவற்றையும் சொல்ல இயலும். நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்து வருவதும், வராத பிள்ளைகளின் பெற்றோரிடம் அபராதம் வாங்கலாமா என்ற பேச்சு சென்ற பொதுக்குழுவில் எழுந்ததும் நீங்கள் அறிந்தவையே. அன்று நேரமின்மையால் நான் சொல்லாமல் விட்ட மறுமொழியாகவும் இவ்வுரையைக் கொள்ளலாம்.

தமிழிலக்கணம் கற்போர் முதலில் எடுக்கும் நூல் நன்னூல். அந்நூல் எழுத்தையும் சொல்லையும் தொடுமுன்னரே, பாயிரத்தில், ஆசிரியன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்று பேசுகிறது. நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமை. ஆசிரியர் ஆகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கு உவமை. மற்ற மூன்றையும் புலவர்கள் விளக்கட்டும். மடற்பனையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் பனை மிகுதியாதலால் அது எனக்கு உரையின்றியே விளங்கிற்று. உச்சியில் பழம் இருக்கிறது. ஆனால் சுற்றிலும் கருக்கு மட்டை. ஏறப்போனவன் கையும் மார்பும் கிழிந்து இறங்குவான். தானாக விழும் பழத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம், அவ்வளவே. அப்படிப்பட்ட ஆசிரியரிடம் புலமை இல்லை என்று நூல் குறைகூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புலமை உண்டு; அணுக வழியில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கையில் எங்களுக்குக் கணக்குக் கற்பித்தவர் அத்தகையவர். கணக்கில் அவரை வெல்வார் அந்த வட்டாரத்தில் இல்லை. விடை தவறிய பையனை அவன் பெயரால் அழைக்கமாட்டார். அவன் தந்தை செய்யும் தொழிலைச் சொல்லி அழைப்பார். பிரம்பை அவர் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அதற்குத் தேவையும் ஏற்படவில்லை. அவ்வாண்டு முழுதும் எங்கள் வகுப்பில் ஒருவனும் எழுந்து ஓர் ஐயம் கேட்டதில்லை. ஐயமே எழாதபடி நடத்துகிறேன் என்று அவர் பெருமை கொண்டிருந்தார்.

இதற்கு நேர்மாறான ஒருவரை நம் மொழியின் வரலாறு அறியும். 1871ஆம் ஆண்டில், பதினேழாம் பிராயத்தில், உ. வே. சாமிநாதையர் தம் தந்தையாருடன் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் முன் நின்றார். அந்நாளில் திண்ணைப் பள்ளிகளில் பிரம்பும் கோதண்டமும் ஆட்சி செய்தன; கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடுவதே கோதண்டம். அச்சூழலில் வளர்ந்த இளைஞர், பெரும்புலவர் ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னபோது நடுங்கியது இயல்பே. பிள்ளையவர்கள் அந்நடுக்கத்தைப் பெரிதாக்கவில்லை. நிகண்டு பாடம் உண்டா என்று வினவி, உண்டு என்றறிந்து பாராட்டினார். வந்தவனுக்குத் தெரியாததைத் தேடாமல் தெரிந்ததைத் தேடினார் என்பது என் கருத்து.

எனினும், தொடக்கத்தில் அவர் தாமே பாடம் சொல்லவில்லை. தம் மாணாக்கர் ஒருவரிடம் கேட்குமாறு விட்டிருந்தார். இளைஞருக்கோ ஆசிரியர் வாயால் கேட்க வேண்டுமென்ற தாகம். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்த மரங்கள் தளிர்த்திருக்கின்றனவா என்று காலைதோறும் பார்ப்பவர். சாமிநாதையர் அவருக்கு முன்னரே எழுந்து, எந்தக் கிளையில் புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுவாராம். இதனை அவரே ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். சில நாளில் ஆசிரியர் நெஞ்சில் இடம் கிடைத்தது, பாடமும் கிடைத்தது. அச்சம் உள்ள இடத்தில் எந்த மாணவன் இப்படித் தளிர் தேடுவான்? ஆசிரியர் வரும் ஓசை கேட்டு ஒளிந்துகொள்வான்.

பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தார். ஆக, சாமிநாதையர் அவரிடம் இருந்தது ஐந்தாண்டுக்கும் குறைவு. அதன் பயனோ, 1887இல் சிந்தாமணியாகவும், 1892இல் சிலப்பதிகாரமாகவும், 1894இல் புறநானூறாகவும் அச்சேறி நம் வீட்டு அலமாரிக்கு வந்தது. குருநாதர் மறைந்து ஐம்பதாண்டுக்கும் மேலான பின், 1933-34இல், அவர் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார் அம்மாணவர்.

மாயூரம் நமக்குத் தொலைவு. நாம் வாழும் இம்மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். சதாராவில் பள்ளி சென்ற சிறுவர் பீமராவ், வகுப்பில் பிறரோடு அமர அனுமதியில்லாமல், தனியே ஒரு கோணித் துண்டின்மேல் அமர்ந்தார். மாலையில் அத்துண்டைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் கொண்டுவர வேண்டும். சேவகன் வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர்; சேவகன் வராவிட்டால் தாகம். பின்னர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் கற்க விரும்பியபோது அதற்கு இடமில்லை என்றாயிற்று, பாரசீகம் படித்தார். அந்தச் சிறுவரே டாக்டர் அம்பேத்கர்.

நாம் பலமுறை இறங்கி ஏறும் சர்னி ரோடு அருகில் ஒரு பூங்கா உண்டு. அங்கே தனியே அமர்ந்து படிக்கும் பையனை வேறொரு பள்ளியின் ஆசிரியர் கவனித்தார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்பது அவர் பெயர். விசாரித்தார், புத்தகம் கொடுத்தார், வழிகாட்டினார். 1907இல் அப்பையன் மெட்ரிக் தேறியபோது, மராத்தியில் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பரோடா மன்னரிடம் பரிந்து பேசி மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கவும் வழிசெய்தார். பரிசு பெற்ற அந்த மாணவர் 1956இல் நாகபுரியில் புத்த சமயம் தழுவினார். கேளுஸ்கர் தம் வகுப்புப் பிள்ளையல்லாத ஒருவனைப் பார்த்துப் பேசினார், தொடங்கியது அவ்வளவே.

அமெரிக்காவில் 1968இல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். சில பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கியது போல் பொறுக்கி, இவர்கள் விரைவில் சிறப்படைவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆண்டு முடிவில், கீழ்வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியதாகக் கண்டார்கள். அவ்விளைவு எவ்வளவு என்பதில் பின்வந்த அறிஞர்கள் வாதிட்டதுண்டு. பிள்ளைகளைப் பெற்ற நமக்கு அதன் உட்கருத்து புதிதன்று.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பதினேழாம் பிரிவில், உடல்தண்டனையை மட்டுமன்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுத்திருக்கிறது. ஆனால் ஏளனத்தைப் பிடித்து எந்தச் சட்டத்தின் முன் நிறுத்துவது? அதன் தழும்பை மருத்துவர் காணமாட்டார்.

ஆசிரியர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. நிரம்பி வழியும் வகுப்பு, அதற்கு மேல் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. என் சீட்டுச் சாளரத்திலும் காலை எட்டு மணிக்கு நான் கண்டிருக்கிறேன்: சாளரத்திற்குள் இருப்பவர் சீறி விழுந்தால், புதிதாய் வந்த பயணி மறுமுறை கேட்கமாட்டார். அம்பர்நாத் போக வேண்டியவர், எந்த வண்டி என்று கேட்க அஞ்சி, கசாரா வண்டியில் ஏறி அம்பிவலியில் இறங்கி நிற்பார். கல்யாணில் பாதை பிரிவது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அறிவிலி அல்லர்; கேட்க முடியாமற் போனவர். வகுப்பிலும் அதுவே நிகழ்கிறது.

இனி நம் ஞாயிறு வகுப்பு. அங்கே கற்பிப்பவர்கள் ஊதியம் பெறாமல், தம் ஓய்வுநாளைத் தருகிறவர்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நடப்பதைச் சொல்கிறேன். வாரம் ஆறு நாளும் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசும் பிள்ளை, ஞாயிறன்று ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்கிறது. நாம் சிரிக்கிறோம். பெரியவரை ‘நீ’ என்று அழைத்துவிடுகிறது. ‘மரியாதை தெரியாத பிள்ளை’ என்கிறோம். பள்ளியில் ‘மதராசி’ என்று கேலி கேட்டு வந்த பிள்ளைக்கு இங்கே ‘தமிழ் தெரியாதவன்’ என்ற கேலி. வெளியிலும் சிரிப்பு, உள்ளேயும் சிரிப்பு என்றால் அது எங்கே போய் நிற்கும்? வாயை மூடிக்கொள்ளும். பின்னர் ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தாலும் ‘ம்’ என்று மட்டும் சொல்லும். அபராதம் வாங்கிப் பிள்ளையைப் பலகையில் உட்காரவைக்கலாம். வாயைத் திறக்கவைக்க முடியாது.

ஆதலின் பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். அபராதப் பேச்சை விட்டுவிடுவோம். ‘ழ’கரம் வராத பிள்ளைக்கு அதைத் தனியே, நாவை எங்கே மடக்குவது என்று காட்டிச் சொல்லிக்கொடுக்க, பொறுமையுள்ள தாய்மார் இருவர் முன்வர வேண்டும், எழுத்து நன்றாகத் தெரிந்தவரைவிடச் சிரிக்காமல் கேட்கத் தெரிந்தவரே எனக்கு உகந்தவர். பெற்றோர் விரும்பினால் பின்பலகையில் அமர்ந்து வகுப்பைக் கவனிக்கலாம் என்று விதி செய்வோம். இவற்றை எழுத்து மூலமாகச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பெயர் தர விரும்பும் தாய்மார்கள் இன்றிரவு சாப்பாட்டுப் பந்தியின்போதே அவரிடம் தெரிவிக்கலாம்.  வணக்கம்.