புது வண்டி அடிக்கடி நின்றால் நாம் என்ன செய்வது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு நாம் சேமிப்பைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ பேசப்போவதில்லை. நம்ம அக்கா ஒருத்தர் வாங்கின லோடு ஆட்டோவைப் பற்றிப் பேசப்போகிறோம். "பேரு வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்க, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று அவரே சொன்னதால் பேசுகிறோம்.

அக்கா கடன் வாங்கி, சுமார் 3 லட்சம் ரூபாயில் புது பெட்ரோல் லோடு ஆட்டோ எடுத்தார். காய்கறி ஏற்றிக்கொண்டு உழவர் சந்தைக்குத் தானே ஓட்டிப் போனார். முதல் மாதமே வண்டி நடுரோட்டில் நின்னுபோச்சு. சர்வீஸ் சென்டரில் சரிபண்ணிக் கொடுத்தார்கள். பத்து நாளில் திரும்பவும் நின்றது. ஐந்து மாதத்தில் ஏழு தடவை! ஒரு நாள் தக்காளி முழுக்க வெயிலில் வெந்து வீணாப்போச்சு. வண்டிதான் நின்றது, தவணை நிற்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பொம்பளை ஓட்டுறீங்க, கியர் போடத் தெரியல." வீட்டிலும் அதே பேச்சு. குழுவிலோ, "இவங்க தவணை நின்னா நம்ம குழு பேரு கெட்டுப்போகுமே" என்று முணுமுணுப்பு. நாம் என்ன செய்தோம்? "கொஞ்சம் பொறுத்துப் போங்க அக்கா" என்றோம். அது நம்முடைய தவறு. இதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறோம்.

ஏழாவது தடவைதான் விழித்துக்கொண்டோம். காகிதங்களை எடுத்துப் பார்த்தால், மூன்று தடவைக்குத்தான் ஜாப் கார்டு இருந்தது. மீதி நாலும் வாய்ப்பேச்சு. இருந்ததை வைத்து, எந்தத் தேதியில் எந்த இடத்தில் வண்டி நின்றது என்று வரிசையாக எழுதி, விற்ற கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். மூன்றாம் வாரம் கம்பெனி இஞ்சினியர் வந்தார். "அக்கா கூடவே அந்த ரோட்டில் போய்ப் பாருங்க சார்" என்றோம். போனார். இஞ்சின் சூடாகி, குண்டும் குழியுமான இடத்தில் குலுங்கும்போது பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயர் இணைப்பு விட்டுப்போகிறது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது அது தெரியாது. ஓட்டினவர் மேல் ஒரு தப்பும் இல்லை! ஒயரிங் முழுவதையும் இலவசமாக மாற்றி, வாரண்டியையும் ஒரு வருடம் நீட்டித்துக் கொடுத்தார்கள். ஆனால் போன வருமானம் போனதுதான். மூன்றாம் தடவையே எழுதியிருந்தால் பாதி நஷ்டம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே சகோதரிகளே, வண்டியோ கிரைண்டரோ தையல் மெஷினோ எதுவாக இருந்தாலும் இவற்றை மறக்காதீர்கள்.

ஒன்று, பில், வாரண்டி அட்டை, ஜாப் கார்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஜாப் கார்டு இல்லாமல் வண்டியை விடாதீர்கள். நீங்கள் சொன்ன குறையை அதில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு, வாரண்டி முடியும்வரை வெளி மெக்கானிக்கிடம் பிரிக்க விடாதீர்கள். "நீங்கதான் கெடுத்தீங்க" என்று சொல்ல அதுவே சாக்காகிவிடும்.

மூன்று, கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் வேறு, வண்டிக் குறை வேறு.

நான்கு, எழுதியும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம்.

ஐந்து, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, இது செல்லாது" என்பார்கள். பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது.

கடைசியாக ஒன்று. நம்மில் ஒருத்தர் வண்டி நின்றால் "தவணை என்னாச்சு" என்று கேட்பதற்கு முன்னால், "வண்டிக்கு என்னாச்சு அக்கா" என்று கேட்போம். அதற்குத்தானே குழு?

அக்கா இன்றைக்கும் அந்த ஆட்டோவிலேதான் வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போவார்!