பிறந்த நட்சத்திரத்தைப் பார்த்ததுண்டா?



கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார்கள். ரோகிணி, திருவாதிரை, கார்த்திகை என்று சின்னப் பிள்ளைகூடத் தடுமாறாமல் சொல்லிவிடுகிறது. அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அழைத்து வந்த அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிரமம் இருந்ததில்லை. விளக்கு அணைந்தால் வாசலிலேயே வானம் தெரிந்தது. இன்று தாமான் வீடுகளில் தெருவிளக்கு வெளிச்சமே வானத்தை மறைத்துவிடுகிறது. ஆனாலும் ஒரே ஓர் இரவு போதும், அதை மீட்டுவிடலாம். அதற்குக் கொஞ்சம் முன்னேற்பாடு தேவை.

முதலாவது, நாள். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். அன்று நிலா வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் மறைந்துவிடும். அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து அமாவாசை. அந்த வாரத்தில் மேகமில்லாத ஓர் இரவைத் தேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது, இடம். கம்பத்தில் உறவினர் வீடு இருந்தால் அந்த முற்றமே பாதுகாப்பானது. செம்பனைத் தோட்டத்திற்குள் போவதானால் அனுமதி வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திப் பார்ப்பது ஆபத்து. தனியாகப் போவதும் நல்லதல்ல.

மூன்றாவது, கண். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். இடையில் ஒருமுறை கைப்பேசியைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். டார்ச் லைட்டின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டால் அந்த மங்கலான வெளிச்சம் கண்ணை அதிகம் பாதிக்காது.

பாய், நீளக்கை சட்டை, கொசு மருந்து, பிளாஸ்கில் தேநீர் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆசையில் முதலிலேயே தொலைநோக்கி வாங்கி, பயன்படுத்தத் தெரியாமல் ஸ்டோர் அறையில் போடுகிறவர்கள் உண்டு. தொடக்கத்திற்கு வெறுங்கண்ணே போதும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 7x50 பைனாகுலர் நல்லது. ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடியின் அகலம் 50 மில்லிமீட்டர். அதைக் கொண்டு சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக்கூடாது. பார்வையே போய்விடும்.

இரவு ஒன்பது மணிக்குப் பாயில் படுத்து மேலே பார்த்தால், ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றின் ஒரு பக்கத்தில் நீலம் கலந்த வெண்மையாக ரைஜல். மறுபக்கத்தில் செந்நிறமாக இருப்பதுதான் திருவாதிரை. மூன்றையும் கோடாக நீட்டினால், ஒரு திசையில் இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். எதிர்த்திசையில் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. அதையும் தாண்டினால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. வெறுங்கண்ணுக்கு ஆறு தெரியும். பைனாகுலரில் இன்னும் பல தெரியும்.

2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போனது. அது வெளித்தள்ளிய வாயு குளிர்ந்து தூசுப் படலமாகி மறைத்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினார்கள். அதைக் கவனிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. திருவாதிரை எது என்று அடையாளம் தெரிந்தவர்கள் வெறுங்கண்ணாலேயே கண்டுகொண்டார்கள். தெரியாதவர்கள் தலைக்கு மேலேயே அது நடந்தும் அறியாமல் இருந்தார்கள்.

ரோகிணி ஏறக்குறைய 65 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதாவது, இன்று கண்ணில் படும் அதன் ஒளி சுமார் 65 ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்டது. அந்த வயதில் வீட்டில் ஒரு பாட்டி இருந்தால், அவர் பிறந்த காலத்தில் கிளம்பிய ஒளி இப்போதுதான் வந்து சேருகிறது. தோட்டத்து வானத்தை நினைவில் வைத்திருப்பவரும் அவர்தான். அவரையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டும். யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். அந்த வாய்ப்பு எல்லா வருடமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்த அமாவாசை எப்போது என்று இன்றே நாள்காட்டியில் பார்த்து வையுங்கள்.