உள்ளத்தின் நடுக்கமும் மூளையின் உயிரணுக்களும்

(மக்தப் மதரஸா பெற்றோர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

  

பல ஆண்டுகளுக்கு முன் நம் மக்தபில் ஓதிய சிறுவன் ஒருவன், முந்திய நாள் பிழையின்றி ஒப்புவித்த சூராவை மறுநாள் ஓத இயலாமல் திகைத்து நின்றான். கவனமில்லை என்றெண்ணி உரத்த குரலில் கடிந்து கொண்டேன். அடுத்த நாள், அறிந்திருந்த சூராவையும் மறந்தான். பின்னரே விவரம் தெரிந்தது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் தந்தை, ஷிப்மெண்ட் நெருக்கடியில் தாம் வாங்கிய ஏச்சையெல்லாம் இரவில் வீட்டில் இறக்கி வைப்பாராம். பெயர் வேண்டாம், நம்மில் எவர் வீடும் அவ்வீடாக இருக்கலாம். கோபம் வந்தால் நிற்பவர் அமர வேண்டும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை மிம்பரில் எடுத்துரைப்பவன் நான். அன்று நின்றுகொண்டேதான் கத்தினேன்.

அச்சமோ அவமானமோ நேரும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. ஆபத்திலிருந்து தப்ப அது உதவும். நாள்தோறும் பெருகினாலோ மூளையின் உயிரணுக்களையே அது மாற்றிவிடுகிறது.

இதனை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கின்றனர். பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி என்னும் விஞ்ஞானியின் குழுவினர், எலிகளை அசைய முடியாதவாறு தினமும் 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அடைத்து வைத்தனர். நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில், உயிரணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அச்சத்தை ஆளும் அமிக்டலாவிலோ கிளைகள் மேலும் படர்ந்திருந்தன. 2002இல் வெளியான முடிவு இது. நினைவு தேய, அச்சம் வளர்கிறது!

2004இல் அவர்கள் வெளியிட்டதே என்னை அதிகம் கலங்கச் செய்தது. அத்துன்பத்தை நிறுத்தி எலிகளை 21 நாட்கள் அமைதியாக விட்டபோது, ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலா திரும்பவில்லை. 2005இல் மற்றொன்றும் தெரிய வந்தது. ஒரே ஒரு நாள், 2 மணி நேரம் மட்டும் அடைத்தனர். மறுநாள் மாற்றம் ஏதுமில்லை. 10 நாட்கள் கழித்துப் பார்த்தால், அமிக்டலாவின் உயிரணுக்களில் புதிய இணைப்பு முட்கள் முளைத்திருந்தன. நாமோ, திட்டிய மறுநாள் பிள்ளை சிரித்து விளையாடினால் எல்லாம் மறந்துவிட்டது என்று நிம்மதி கொள்கிறோம்.

எலியிடம் கண்டதை அளவு மாறாமல் மனிதன் மேல் ஏற்றிச் சொல்லலாகாது. ஆயினும் இவ்விரு பகுதிகளும் நமக்கும் உண்டு. வேலையும் ஏறத்தாழ அதுவே. கைமடிப் பிள்ளைகளை ஏசி வேலை வாங்கும் காண்ட்ராக்டர் சகோதரர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஏச்சு வாங்கியவனுக்கு அடுத்த பீஸில் தையல் பிசகினால், அதனைக் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அச்சிறுவனுக்கு அதன்பின் பாடத்தைப் பாதியாகக் குறைத்தேன். அருகில் அமர்த்தி, தாழ்ந்த குரலில் ஓதச் செய்தேன். சில வாரங்களில் மறந்த சூராக்கள் திரும்பின. இன்று அவன் கட்டிங் மாஸ்டர். காணும்போதெல்லாம் அன்புடன் ஸலாம் உரைக்கிறான். ஆனால் ஒலிபெருக்கி பழுதாகி நான் சற்று உரக்கப் பேச நேர்ந்தால், கடைசி ஸஃப்பில் இருந்தாலும் அவன் தோள்கள் ஒரு கணம் ஒடுங்குவதைக் காண்கிறேன்.