உதிர்ந்த மயிர் எழுப்பிய வினா

(மகாவீரர் ஜயந்தி விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையில், கீழக்கரைக்குக் கிழக்கே உள்ளது பெரியபட்டினம். பாண்டியர் காலத்தில் அது பெயர்பெற்ற துறைமுகம். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. கடல் கடந்து வந்த சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய மண் அது.

வந்தவாசி வட்டாரத்தைச் சேர்ந்த நயினார் ஒருவர், கூட்டுறவுத் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஆசிரியப் பணி மாற்றலில் அவ்வூருக்குச் சென்ற மகளோடு சில ஆண்டுகள் அங்கே தங்கியிருந்தார். நயினார் என்னும் பெயர் அவ்வூரில் அவருக்கு ஒரு வசதியாயிற்று. நயினார் முகம்மது என்று பெயர் தாங்கிய இசுலாமியப் பெருமக்கள் அக்கடற்கரையில் பலர் உண்டு. ஆதலால் வந்த முதல் வாரத்திலேயே அவர் ஊரார்க்கு அயலார் ஆகாமற் போனார்.

அவருடைய ஒழுக்கத்தை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். வடிகட்டாத நீரைக் குடியார்; பொழுது சாய்ந்தபின் உண்ணார்; மண்ணுக்குள் விளையும் கிழங்கைத் தொடார். தோற்செருப்பையும் தோல் இடைவாரையும் முப்பதாம் வயதிலேயே விட்டுவிட்டவர். நாள்தோறும் விடியலில் முகம் மழித்துக்கொள்வது அவர் வழக்கம். கடைத்தெருவில் என்றோ சில ரூபாய்க்கு வாங்கிய சவரத் தூரிகை ஒன்று, ஷேவிங் பிரஷ் என்று நாம் சொல்வது, இருபத்தெட்டு ஆண்டுகள் அவரோடு இருந்தது.

அவருடைய எழுபதாம் பிறந்தநாளுக்குப் பெங்களூரில் பணிபுரியும் மகன் புதிய தூரிகை ஒன்றை அனுப்பினான். கருங்காலி நிறக் கைப்பிடி, வெல்வெட்டுத் துணி விரித்த பெட்டி, விலை ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். பெட்டியின் மேல் 'சில்வர்டிப் பேட்ஜர்' என்று பொறித்திருந்தது. தரத்தின் பெயர் போலும் என்று அவர் எண்ணிக்கொண்டார். முதல் நாள் அதன் மென்மை அவரை வியக்க வைத்தது உண்மை. நீரை நன்றாகத் தாங்கிற்று. நுரை வெண்ணெய்போல் திரண்டது. பழைய தூரிகை புத்தக அலமாரியின் தூசி தட்டும் பணிக்குப் பெயர்ந்தது.

நான்காம் நாள் கன்னத்தில் மூன்று மயிர்கள் ஒட்டிக்கொண்டன. (மயிர் என்னும் நல்ல தமிழ்ச் சொல்லைப் பேச்சில் வசையாக்கிவிட்டோம், ஏட்டில் அது மதிப்பிழக்கவில்லை.) புதிய தூரிகையில் தளர்ந்து நின்றவை சில உதிர்வது இயல்பென்று அவர் பொறுத்தார். இரண்டாம் வாரம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு, மூன்றாம் வாரம் பதினேழு. தணிக்கைக்காரர் அல்லவா? நாட்குறிப்பில் குறித்து வந்தார். இரண்டு மாதத்தில் தூரிகையின் நடுவே விரல் நுனி அளவுக்குப் பள்ளம் விழுந்தது. மகன் விற்றவர்களுக்கு எழுதினான். சில மயிர்கள் உதிர்வது இயற்கைப் பொருளின் இயல்பு, வேண்டுமானால் சற்றுக் கூடுதல் விலையில் இதனினும் உயர்ந்த தரம் தருகிறோம் என்று விடை வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் மலிவுத் தூரிகை இழந்ததைவிட அறுபது நாளில் இது இழந்தது மிகுதி என்று பெரியவர் மனம் வருந்தினார். மகன் கொடுத்ததாயிற்றே என்று வெளியே சொல்லவும் இல்லை.

அடுத்த வீட்டில் மரைக்காயர் ஒருவர் இருந்தார், எண்பதை நெருங்கியவர். அவர் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன் பனந்தும்பு வாணிகம் செய்த குடும்பம். பனைமட்டையின் அடிப்பகுதியைத் தட்டி நாரெடுத்து, ஆணிப்பலகையில் சீவி, நீளவாரியாகப் பிரித்துக் கட்டி, தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்புவார்கள். அங்கே அது துடைப்பமாகவும் தரை தேய்க்கும் தூரிகையாகவும் ஆகும். ஆகவே தூரிகைக் கட்டு எப்படி அமைகிறது என்பதை அவர் கையே அறியும். நயினார் காட்டிய தூரிகையை வாங்கி, உதிர்ந்த மயிர் ஒன்றை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்.

"நயினார், மயிர் இடையில் ஒடிந்திருந்தால் மயிரின் குற்றம். இது அடியோடு முழுதாக வந்திருக்கிறது, கட்டின் குற்றம். நுனியைக் கீழாக்கிச் சின்னக் கிண்ணத்தில் இட்டுத் தட்டுவார்கள். குவிந்த வடிவம் அப்படித்தான் வரும். பிறகு அடியைக் கட்டிப் பசை ஊற்றுவார்கள். பசை ஓரத்திலேயே இறுகி நடுவுக்கு இறங்காவிட்டால் நடுவிலிருந்துதான் உதிரும். கொதிநீரில் ஊற வைப்பீர்களா?"

"நாள்தோறும் வைப்பேன்."

"அரைகுறையாய்ப் பிடித்த பசைக்கு அதுவும் சேர்ந்துகொண்டது. வெதுவெதுப்பான நீர் போதும். அழுத்தித் தேய்க்கவும் கூடாது. ஆனாலும் இது தேறாது."

தூரிகையைத் திருப்பிக் கொடுக்கும்போது மரைக்காயர் இயல்பாக ஒரு வார்த்தை கேட்டார். "இது எந்தப் பிராணியின் மயிர்? எங்கள் வீட்டில் பிரஷ் வாங்கப் போனால் முதலில் இதைத்தான் விசாரிப்போம். பன்றி மயிரில் செய்தவை கடைகளில் உண்டு. அது எங்களுக்கு ஆகாது. நீங்கள் அப்படி விசாரிப்பதில்லையா?"

நயினாரிடம் விடை இல்லை. எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். நாள்தோறும் முகத்தில் படும் பொருளைப் பற்றி எழுபது ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டதில்லை. இரண்டு மாதமாக எத்தனை உதிர்ந்தன என்று எண்ணினாரே தவிர, யாருடையவை உதிர்ந்தன என்று எண்ணவில்லை.

அன்று மாலை ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தியைத் துணைக்கு அழைத்துத் தேடத் தொடங்கினார். பேட்ஜர் என்பது தரத்தின் பெயரன்று, ஒரு விலங்கின் பெயர் என்று தெரிந்தது. மண்ணில் வளை தோண்டிக் குடும்பமாக வாழ்வது. இரவில் இரை தேடுவது. முகத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை உடையது. தமிழில் வளைக்கரடி என்று வழங்குவோர் உண்டு. அதன் மயிரில் நுனி வெண்மை, நடுவே கரும்பட்டை. அந்த வெண்ணுனிதான் வெள்ளிமுனை என்று விலை பேசப்படுகிறது. சவரத் தூரிகைக்கு உலகச் சந்தைக்கு வரும் இம்மயிரில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருவது. இங்கிலாந்தில் இவ்விலங்கைக் கொல்வதும் துன்புறுத்துவதும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் இங்கிலாந்துப் பெயர் பொறித்த கைப்பிடிகளில் வெளிநாட்டுப் பேட்ஜரின் மயிர் ஏறுவதற்கு அச்சட்டம் குறுக்கே நிற்பதில்லை. 2018இல் பீட்டா அமைப்பின் ஆசியக் கிளை, சீனப் பண்ணைகளில் இவை குறுகிய கூண்டுகளில் அடைபட்டிருப்பதையும் அடித்துக் கொல்லப்படுவதையும் படமெடுத்து வெளியிட்டது; அதன்பின் பல நிறுவனங்கள் இத்தூரிகை விற்பதை நிறுத்தின. மயிரை இழந்து வாழாத கவரிமாவை வள்ளுவப் பெருந்தகை மானத்துக்கு உவமையாக்கினார். இந்த விலங்குக்கோ மயிரை இழப்பதும் உயிரை இழப்பதும் ஒன்றே. ஆட்டின் கம்பளிபோல் கத்தரித்து எடுத்துவிட்டு உயிரோடு விடுவதில்லை.

மயிரைப் பற்றிக் கேளாமல் வாங்கியதற்கு மனிதரும் விலை கொடுத்ததுண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் மயிர் போலத் தோற்றம் தந்த குதிரைமயிர்த் தூரிகைகள் மலிவாக விற்கப்பட்டன. சரியாகத் தூய்மை செய்யப்படாத அம்மயிரோடு ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய்க் கிருமியும் வந்தது. மழிக்கும்போது ஏற்பட்ட சிறு கீறல் வழியே நுழைந்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படைவீரரும் குடிமக்களுமாக இருநூற்றுக்கும் மேற்பட்டோரை அது பற்றியது. 1920இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைப் பிரிட்டன் தடைசெய்தது.

இவ்வளவும் அயல்நாட்டுச் செய்தி என்று இருந்துவிடலாகாது. பேத்தியின் ஓவியப் பெட்டியில் ஆறு தூரிகைகள் இருந்தன. இந்தியாவில் ஓவியத் தூரிகைக்கென்று கொல்லப்பட்டு வருவது கீரி. ஒரு கிலோ மயிருக்கு ஏறத்தாழ ஐம்பது கீரிகள் மடிய வேண்டும் என்கின்றனர் வனவிலங்குத் துறையினர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரியைக் கொல்வதும் அதன் மயிரை விற்பதும் குற்றம். இருந்தும் 2019 அக்டோபரில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம் பல மாநிலங்களில் சோதனை நடத்தியபோது 54,000க்கும் மேற்பட்ட தூரிகைகளும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட கீரிமயிரும் பிடிபட்டன. உத்தரப் பிரதேசத்தின் சேர்கோட் போன்ற ஊர்களில் தூரிகை செய்வதே குடிசைத் தொழில்.

கீரி என்றதும் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை நினைவுக்கு வரும். குழந்தையைப் பாம்பினின்று காத்த கீரியைப் பிழைபட உணர்ந்து கொன்றாள் பார்ப்பனி ஒருத்தி. கணவன் அவளைப் பிரிந்து சென்றான். கோவலன் பொருள் கொடுத்து அவள் துயர் தீர்த்து, அவ்விருவரையும் கூட்டுவித்தான் என்பது கதை. அவள் கொன்ற கீரி தன் கையால் வளர்த்தது, ஆகவே அழுதாள். ஓவியப் பெட்டிக்குள் அடங்கிய கீரி எந்த வீட்டில் வளர்ந்தது என்று யார் அழுவது?

மென்மையான இறகும் மயிரும் வேண்டும் இடங்கள் அறவாழ்விலும் உண்டு என்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். அமரும் இடத்தில் உள்ள சிற்றுயிரை நோகாமல் ஒதுக்கத் திகம்பர முனிவர் கையில் மயிற்பீலி இருக்கிறது. புகாரிலிருந்து மதுரைக்குக் கண்ணகியோடு நடந்த கவுந்தியடிகள் கையிலும் அது இருந்தது. அதற்காக மயிலை எவரும் தொடுவதில்லை. மழைக்காலம் முதிரும்போது ஆண்மயில் தன் தோகையைத் தானே உதிர்த்துவிடும். அதைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டுவார்கள். சாதுர்மாசம் முடிந்தபின் முனிவர்க்குப் பழைய பீலியை மாற்றிப் புதியது வழங்கும் சடங்கைக் கண்டோர் இவ்வவையில் பலர் இருப்பர். உதிர்ந்த இறகுக்கும் பறித்த இறகுக்கும் வேறுபாடு அதன் அடியிலேயே தெரியும். பறித்ததில் குருதிக் கறை நிற்கும். முகமழிப்பைப் பொறுத்தவரை முனிவர்க்குத் தூரிகைக் கவலையே இல்லை; தம் மயிரைத் தாமே கையால் களைந்துவிடுகிறார்கள். இல்லறத்தார்க்கு அது இயலாது.

மறுநாள் நயினார் மரைக்காயரிடம் போய், தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி, பனந்தும்பில் சவரத் தூரிகை செய்யலாகாதோ என்று கேட்டார். மரைக்காயர் சிரித்தார். "முகத்தை உரலென்று நினைத்தீர்களா? வெள்ளையடிக்கத் தாழை விழுதைத் தட்டி வைத்துக்கொள்வோம்; தரை தேய்க்கத் தும்பு. கன்னத்துக்கு நைலான்தான்." 1938இல் அமெரிக்காவில் முதல் நைலான் பற்தூரிகை விற்பனைக்கு வந்தது; அதுவரை அங்கே பல் துலக்கப் பயன்பட்டது பன்றிமயிர். நைலானுக்கு உயிர் இல்லை, கொலையும் இல்லை. ஆனால் அவ்விருவரும் மாலையில் நடக்கும் கடற்கரையில் அறுந்த நைலான் வலைத்துண்டுகள் கிடந்தன. ஒருநாள் அதில் சிக்கிக் காய்ந்த நண்டு ஒன்றை மரைக்காயர் கைத்தடியால் விடுவித்துக் காட்டினார். அது அழியாத பொருள். எறிந்த இடத்தில் உயிரைப் பிடிக்கும். தேய்ந்தபின் கண்ட இடத்தில் எறியாமல் வைத்திருப்பேன் என்றார் நயினார்.

மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறைசொல்லவில்லை. இதனினும் உயர்ந்த தரம் வேண்டாம், பெட்டியை அனுப்புகிறேன், விற்றவரிடமே சேர்த்துவிடு, என்ன விலங்கு என்று கேட்டு அறிந்துகொண்டேன் என்று மட்டும் எழுதினார்.

மயிரா நைலானா என்று காண்பதற்கு எளிய வழி ஒன்றை மரைக்காயர் சொல்லியிருந்தார். ஓர் இழையைத் தீயில் காட்ட வேண்டும். நைலான் உருகி மணிபோல் திரளும். மயிர் பொசுங்கிக் கருகும்; தலைமயிர் கருகும் நாற்றம் எழும்; கையில் நசுக்கினால் பொடியாகும். பேத்தியின் தூரிகைகளில் நான்கு உருகின, இரண்டு கருகின. அவள் அவ்விரண்டையும் தாளில் சுற்றித் தனியே வைத்தாள். பிறகு, "தாத்தா, அந்தப் பழைய பிரஷ்?" என்றாள்.

அது அலமாரியில் இருந்தது. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நீலகேசியின் மேல் கிடந்தது. யாம் கொல்லவில்லை, பிறர் கொன்றதை விலைக்குக் கொண்டோம் என்போரை நீலகேசி மறுத்து வாதிடும் நூல் அது. அதன் தூசியை இரண்டு மாதமாக அத்தூரிகையால்தான் தட்டி வந்தார். இழைகள் வெள்ளையாய்த் தடித்து நுனி பிளந்து இருந்தன. ஒன்றைப் பிடுங்கினார், உறுதியான கட்டு, எளிதில் வரவில்லை. தீயில் காட்டினார். உருகவில்லை. பொசுங்கிய நாற்றம் அறை முழுதும் பரவிற்று. பேத்தி சன்னலைத் திறந்தாள். இருபத்தெட்டு ஆண்டு என்று அவர் வாய்க்குள் கணக்கிட்டதை அவள் கேட்டாள்.

அடுத்த வாரம் இராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு கடையில் நைலான் தூரிகை கேட்டார். கடைக்காரர் எடுத்து வைத்தார். ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்க்கலாமா என்று நயினார் கேட்டபோது அவர் திகைத்து, பிறகு கல்லாவின் மேலிருந்த தீப்பெட்டியை நகர்த்திக் கொடுத்தார். இழை உருகி முனையில் சிறு மணியாய் நின்றது. முகத்துக்கு ஒன்றும் அலமாரிக்கு ஒன்றுமாக இரண்டு வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினார்.