புளித்த சோறும் நம் கல்லீரலும்

(கிள்ளானில் நடந்த சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனசையும் பற்றிப் பேசும் மேடையில் கல்லீரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். சம்பளம் வாங்கும் கைக்கு உயிர் வேண்டுமல்லவா?

சென்ற ஆண்டு என் வயிற்றை ஸ்கேன் செய்த மருத்துவர், கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள்?" என்பதுதான்! நானோ ஒரு சொட்டும் தொடாதவன். குடிகாரனுக்குத்தான் கல்லீரல் கெடும் என்று நாம் எண்ணியிருந்தோம், அது தவறு. எண்ணெயும் சீனியும் மிஞ்சினாலும் கெடும். நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் கொழுப்புச் சேர்ந்தாலே அது நோய். வலி தெரியாது. பிறகு வீக்கம், தழும்பு, கடைசியில் சுருக்கம்.

பிரிக்பீல்ட்சுக்குப் போனாலும் தோட்டத்துக் கடைக்குப் போனாலும் நம் பசியாறல் என்ன? நாசி லெமாக், ரொட்டி சானாய், டின் பால் ஊற்றிய தே தாரிக். நம் பாட்டன்மார் நீராகாரம் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார்கள்.

மங்கில் விட்ட பால் தானே உறைந்து கட்டிப்பால் ஆவதைப் பார்த்திருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டாக்கும் புளிப்பே அதற்குக் காரணம். பழைய சோற்றையும் மோரையும் புளிக்க வைப்பவையும் நுண்ணுயிர்களே. கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்தே வருகிறது. குடல் கெட்டால் கல்லீரலுக்கும் கேடு.

கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்குக் கொரிய நாட்டுக் கிம்ச்சியிலுள்ள நுண்ணுயிர்களைக் கொடுத்த சோதனைகளில் கல்லீரல் கொழுப்புக் குறைந்தது. 2021இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 36 பேரை வைத்து நடத்திய ஆய்வில், 10 வாரம் புளித்த உணவு உண்டவர்களுக்கு உடலின் அழற்சிக் குறிகள் குறைந்தன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் குடல் நோய்க்குப் பழைய சோற்றை ஆராயத் தொடங்கியது.

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. தெம்பேயை எண்ணெயில் முக்கிப் பொரித்துவிட்டு, "புளித்த உணவு தின்றேன்" என்றால் கல்லீரல் மன்னிக்காது. மோர் குடித்துவிட்டு இரண்டு ரொட்டி சானாய் தின்றாலும் அப்படியே. எண்ணெய் பலகாரத்துக்குப் பதிலாக மோரும் பழைய சோறும் வரவேண்டும். அதோடு கூடுதலாக அல்ல. ஊறுகாயில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தக்காரர் விலகுக. நீரிழிவுக்காரர் சோற்றை அளந்து உண்க. உடல் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்தால் கல்லீரல் கொழுப்பும் வீக்கமும் தணியும். நான் 6 கிலோ குறைத்திருக்கிறேன். இன்னும் குறைக்க வேண்டும்.

புளித்ததெல்லாம் மருந்து என்போருக்கு ஒரு வார்த்தை: கள்ளும் புளித்ததுதான்! 1941இல் ஆர்.எச். நாதன் காலத்தில் இதே கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் போராட்டத்தில் உயிரும் கொடுத்தார்கள். அவர்கள் விரட்டப் பார்த்ததை நாம் விருந்துக்கு அழைப்பதா?

தோழர்களே, ஆண்டுக்கொரு முறை எல்லாத் தொழிலாளருக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று இக்கிளை தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறேன். அது நிறைவேறும்வரை, காலைப் பசியாறலைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!