பலூன் ஊதுவதும் படிப்புத்தான்



“புள்ளைங்க பள்ளிக்கூடத்துல பலூன் ஊதி விளையாடுதுங்களாம், படிக்கிறது எப்போ?” என்று தாய்மார் சிலர் கேட்கிறார்கள். இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டு நாற்காலிக்கு நடுவே நூல் கட்டுங்கள். அதில் ஓர் உறிஞ்சுகுழலைக் கோத்து, ஊதிய பலூனை அதனோடு ஒட்டி, வாயைத் திறந்துவிடுங்கள். காற்று பின்னால் சீறும், பலூன் முன்னால் பாயும். ராக்கெட்டும் இப்படியேதான் போகிறது. 1687-இல் நியூட்டன் எழுதிய மூன்றாம் விதி இதுதான். அதை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையிடம், “காற்றே இல்லாத விண்வெளியில் ராக்கெட் எதை உதைத்துப் போகும்?” என்று கேளுங்கள், திருதிருவென்று விழிக்கும். பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம். 1920-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழே இதில் தடுமாறி, காடர்ட் என்ற விஞ்ஞானியைக் கேலி செய்தது. 1969-இல் மனிதன் நிலவுக்குப் புறப்பட்ட பிறகுதான் வருத்தம் தெரிவித்தது! ராக்கெட் வெளிக்காற்றை உதைப்பதில்லை; தான் வெளியே தள்ளும் வாயுவே அதை முன்னே தள்ளுகிறது. பலூனைக் கையால் விட்டுப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

அதே காடர்ட் 1926 மார்ச் 16-இல் விட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட் எவ்வளவு உயரம் போனது தெரியுமா? ஏறக்குறைய 12 மீட்டர், நம்ம தென்னைமர உயரந்தான்! இரண்டரை விநாடியில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்துவிட்டது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ராக்கெட். பிளாஸ்டிக் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் இறுக்கமான தக்கை, தக்கையின் வழியே சைக்கிள் பம்பு. தண்ணீரே இல்லாமல் ஒருமுறை, நிறைய ஊற்றி ஒருமுறை விடட்டும். எது உயரே போகிறது, ஏன் என்று அவர்களே எழுதட்டும். காற்றைவிடத் தண்ணீர் கனம். அது வெளியேறும்போது உந்தலும் பெரிது. ஆனால் போத்தல் நிறைய ஊற்றினால் காற்றை அடைக்க இடமேது?

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். திறந்த திடலில், ஆசிரியர் கூட இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும். போத்தலுக்கு மேலே யாரும் குனியக் கூடாது. பட்டாசு மருந்து, தீக்குச்சி மருந்து எதையும் தொடவே கூடாது.

2007 அக்டோபர் 10-இல் நம் நாட்டு டாக்டர் ஷேக் முஸாபர் சோயுஸ் ராக்கெட்டில் போனாரே, அதைத் தூக்கிய உந்தலும் இதே விதிப்படிதான்.

வீட்டில் பழைய சைக்கிள் பம்பு சும்மா கிடந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பள்ளியில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், வரிசையோ நீளம்.