பாலத்தில் ஒருவர், மழையில் ஒருவர்



இலக்கிய உரையில் கொல்ப் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். குருவிட்டத் தோட்டத்தில் பிறந்தவனுக்கும் கொல்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. எங்கள் ஊரைக் கொழும்போடு இணைத்த களனிவெளிப் புகையிரதப் பாதை, பொரளைப் பக்கத்தில் றோயல் கொழும்பு கொல்ப் கழகத்தின் புற்றரையை ஊடறுத்துச் செல்கிறது. அவிசாவளைக்கு இப்பால் குருவிட்ட, இரத்தினபுரி, ஓப்பநாயக்க என்று நீண்டிருந்த பகுதி 1970களில் மூடப்பட்டுவிட்டது. அவிசாவளை வரை இன்றும் ரயில் ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டக்காரர் மட்டையைத் தாழ்த்திக் காத்து நிற்க வேண்டும். துரைமாரைக் காக்க வைத்த வண்டி எங்கள் வண்டி என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

இந்த விளையாட்டின் மாபெரும் வீரர் அமெரிக்கரான ஜாக் நிக்லஸ். 1962இல் முதற் பெரும் பட்டம், 1986இல், 46 வயதில், கடைசிப் பட்டம், மொத்தம் 18. 2005 ஜூலை 15ஆம் திகதி, 65 வயதில், ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் மைதானத்தில் அவர் விடைபெற்றார். கடைசிக் குழிக்குப் போகும் வழியில் ஸ்வில்கன் என்றொரு சிறு கற்பாலம். அதில் ஏறி நின்று கூட்டத்துக்குக் கையசைத்தார். பிறகு போய் அந்தக் கடைசிக் குழியில் பந்தை விதித்த அடிகளுக்கு ஓர் அடி குறைவாகவே போட்டு முடித்தார். அடுத்த இரு நாள் ஆட்டத்துக்குத் தகுதி பெற இரண்டு அடிகள் போதவில்லை. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அவர் உருவம் பொறித்த ஐந்து பவுண் நோட்டையே அங்குள்ள வங்கியொன்று வெளியிட்டிருந்தது.

முதுமையின் விடைபெறல் நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்றொரு புலவர். கைத்தடியை ஊன்றி, இருமலுக்கு நடுவே, மடுவில் குதித்து விளையாடிய இளமையை நினைத்துக்கொள்ளும் கிழவர். அவர் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கைத்தடியே பெயராகிவிட்டது. அவருக்குக் கைதட்ட யாரும் இல்லை. ஆனாலும் தன் இழப்பைத் தானே சொல்லிக்கொள்ள அவருக்கு வாய்த்தது.

என் தாயார் றப்பர் பால் வெட்டியவர். செக்றோலில் அவர் பேர் வெட்டப்பட்ட தினத்தில், ஸ்டோர் வாசலில் பால்வெட்டுக் கத்தியையும் வாளியையும் திருப்பிக் கேட்டார்கள். கத்தியைத் தீட்டித் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வேறொன்றும் நடக்கவில்லை. மறுநாள் விடியற்காலை பிரட்டுக்குப் போகிற நேரத்துக்கு எழுந்து, லயத்து இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. முதுமை வருமுன்பே களத்திலிருந்து இறக்கிவிடப்படுவது. பாப்வா சேகோலம் என்ற பெயரை உங்களிற் பலர் கேட்டிருக்கமாட்டீர்கள். தென்னாபிரிக்காவின் டர்பன் நகரத்து ஏழை. சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் கொண்டுபோகப்பட்டார்கள். எங்கள் முன்னோர் கங்காணிமாரோடு மன்னார் வழியாக வந்த காலமும் அதுதான். பாப்வாவின் குடும்பம் தமிழ்க் குடும்பமல்ல. என்றாலும் அதே தோட்டத்து உலகின் பிள்ளை. வெள்ளையரின் கொல்ப் பையைச் சுமக்கும் பையனாக இருந்தே ஆட்டத்தைக் கற்றார். மட்டையைப் பிடிக்கையில் எல்லோருக்கும் மேலே இருக்கிற கை அவருக்குக் கீழே இருக்கும். பிழையான பிடி என்பார்கள். அந்தப் பிழையான பிடியோடு ஒல்லாந்துப் பகிரங்கப் போட்டியை 1959, 1960, 1964 என மூன்று தடவை வென்றார்.

1963இல் டர்பனிலே நேட்டால் பகிரங்கப் போட்டியையும் வென்றார். மழை பெய்தது. வெள்ளையரல்லாதவர் கழகக் கட்டடத்துக்குள் நுழைய முடியாத நாடு அது. வெளியே மழையில் நிற்க வைத்துத்தான் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகமெங்கும் போனது. 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்தார். ஆட்சியாளருக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து பெரிய போட்டிகளில் அவருக்கு இடமில்லை. வெளிநாடு போய் ஆடவும் வழியடைத்தார்கள். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நிக்லஸ் கடைசிப் பட்டம் வென்ற வயதுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. 1978இல் வறுமையில் இறந்துபோனார்.

டர்பனில் ஒரு கொல்ப் மைதானம் இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது, நல்லது. ஆனால் கடைசிக் குழியில் கையசைத்து அவர் விடைபெறுகிற படம் எதையும் நான் கண்டதில்லை. நான் கண்டது மழைப் படம் ஒன்றைத்தான்.